நீ சொல்லாத பொய்

கீழ்வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறார்கள். புகை படியேறி என் ஜன்னலுக்கு வருவதற்குள் என் கை போய்க் கதவைச் சாத்திவிடுகிறது. இன்றைக்கும் அப்படித்தான். சாத்திவிட்டு நின்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. இது வீடு, லேப் இல்லை. உள்ளே இருப்பது நானும் ஒரு பழைய ஃபேனும்தான். கீழ்வீட்டம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், "ஏனுங்க, உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லீங்களா?" என்று. புகை ஆகாதுங்க, மூச்சு முட்டும் என்று சொல்லித் தப்பித்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அரை நாள் ஆகும். சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று உட்காருகிறேன், எழுந்து நடக்கிறேன், திரும்ப உட்காருகிறேன். டீ ஆறிப்போய்விட்டது. இந்த இருப்புக்கொள்ளாத வியாதி எனக்கு முன்பு கிடையாது, அது உன்னுடையது. மைக்ராஸ்கோப்பில் நான் கண்ணை வைத்திருக்கும்போது பக்கத்தில் நீ உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பாய். மேஜை அதிர்ந்து, கண்ணாடிக்குக் கீழே இருப்பதெல்லாம் நடுங்கும். "காலை நிறுத்து புள்ள, எனக்குத் தலை சுத்துது" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஒரு நிமிஷம் நிறுத்துவாய். பிறகு விரலால் மேஜையைத் தட்டுவாய்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் டெஸ்ட் டியூப் குழந்தை என்றால், கண்ணாடிக் குழாய்க்குள் கைகால் ஆட்டும் பிள்ளையைத்தான் ஜனங்கள் மனதில் நினைத்துக்கொள்வார்கள். நம் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஒரு சின்ன அறைதான் லேப். நீயும் நானும் விலங்கியல் எம்.எஸ்ஸி. டாக்டர் வெளிநாட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் பெண்ணின் வயிற்றிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொடுப்பார். நாம் அதைக் கணவனின் விந்தோடு ஒரு சின்னத் தட்டில் சேர்த்து, மேலே எண்ணெய் ஊற்றி, இன்குபேட்டருக்குள் வைப்போம். உடம்புச் சூடு, ஈரம், அளந்து விட்ட காற்று. கர்ப்பப்பையின் வேலையை இரண்டு மூன்று நாளைக்கு அந்த இரும்புப் பெட்டி பார்க்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று இரண்டாகியிருக்கும், மறுநாள் இரண்டு நான்காகியிருக்கும். அதில் நல்லதைப் பொறுக்கி டாக்டர் அந்தப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் வைப்பார். ஏன் ஒன்று வளர்கிறது, ஏன் இன்னொன்று பாதியில் நின்றுவிடுகிறது என்பது நமக்கும் தெரியாது, நாம் வரவழைத்துப் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கும் முழுசாகத் தெரியாது. அந்தத் தெரியாததை வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உனக்கு அந்த இன்குபேட்டர் மீது ஒரு பைத்தியம். ஊருக்குள் கணபதிப் பகுதியில் உன் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் வந்தால் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கொங்குப் பேச்சு. மிஷினோடு பேசிப் பழகிய குடும்பம். சாயந்திரம் கிளம்பும்போது பெட்டியின் பக்கத்தில் லேசாகத் தட்டி, "வாரேன் கண்ணு, ராத்திரி கரண்டு போனா பயந்துக்காதே" என்பாய். நான் கிண்டல் செய்வேன். "நீ சிரி. மிசினுக்கும் மனசு இருக்குது" என்பாய். அறிவியல் படித்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்டால், அறிவியல் படித்ததால்தான் கரண்ட்டைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று பதில் வரும்.

அந்த வருஷம்தான் சாந்தாமணி வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். கல்யாணமாகி ரொம்ப வருஷம். இரண்டு பேருக்கும் எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது, ஒரு காரணமும் அகப்படவில்லை. புருஷன் வாயே திறக்க மாட்டார். மாமியார் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். டாக்டரின் அறையில் வைத்தே அந்த மாமியார் பட்டென்று சொன்னார்: "இந்த ஒருக்கா பாக்கறதுங்க. ஆச்சுன்னா ஆச்சு. இல்லீனா தீத்துவுட்டுப்போட்டு, என்ற பையனுக்கு வேற பொண்ணு பாத்துக்கறதுங்க. பொண்ணும் சொல்லி வெச்சாச்சு. தை பொறந்தா உப்புச் சக்கரை மாத்தோணும்." நிச்சயத்துக்கு உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் கட்டியவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைச் சொன்னதுதான் எனக்குப் பகீர் என்றது. சாந்தாமணி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்து, "ஏனுங்க அம்மணி, நீங்கதான் அதைய உள்ள வெச்சுப் பாத்துக்குவீங்களாம்? கொஞ்சம் நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். நீ அன்று முழுக்க ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவளுக்கு முட்டை எடுப்பதற்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. கோயமுத்தூரில் லேத்தும் தறியும் ஓடுகிற ஊருக்கு அதைவிடப் பெரிய பண்டிகை எது. பட்டறைக்காரர் மகள் நீ, சும்மா இருப்பாயா. டாக்டரிடம் சொல்லி லேப் கதவுக்கும் ஜன்னலுக்கும் புது பெயிண்ட் அடிக்கவைத்தாய். பூஜையன்று மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், இன்குபேட்டருக்கு நெற்றியில் பட்டை மாதிரி சந்தனமும் நடுவில் குங்குமமும், கைப்பிடியில் செவ்வந்திச் சரம். ஏசி அறை, ஜன்னல் திறப்பதில்லை. அதற்குள் தூபக்காலை எடுத்துக்கொண்டு வந்து மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டினாய். இன்குபேட்டர் கதவையும் திறந்து, "உள்ளயும் சாமி பாக்கட்டும்" என்று உள்ளே ஒரு சுற்று. டாக்டரே கற்பூரம் காட்டினார். நான் ஒருத்திதான் முகத்தைச் சுளித்தேன், அதுவும் தரையெல்லாம் பொரி சிந்துகிறதே, எறும்பு வருமே என்று. புகையைப் பற்றி அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்து எடுத்த முட்டைகள் எல்லாம் அழகாகக் கரு கூடின. சாந்தாமணியுடையதைப் பார்த்துவிட்டு நீ லேப்புக்குள்ளேயே கை தட்டினாய். மறுநாள் காலை அந்தத் தட்டை எடுத்தபோது எல்லாம் அப்படியே நின்றிருந்தன. அதற்கு மறுநாள் கறுத்து, துண்டு துண்டாகச் சிதறியிருந்தன. அவளுடையது மட்டுமில்லை, அந்தச் சமயம் வந்த அத்தனை பெண்களுடையதும். ஒருவருக்கும் உள்ளே வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. டாக்டர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "முட்டைக்கு வீரியம் போதலீங்க." அவர் பொய் சொல்லவில்லை, அதை நம்பித்தான் சொன்னார். சாந்தாமணியின் மாமியார், "இதைத்தானுங்க நானும் சொல்லீட்டிருந்தேன்" என்று எழுந்துகொண்டார். புருஷன் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.

உனக்குத் தூக்கம் போய்விட்டது. "ஒருத்தி முட்டை கெட்டுப்போகும், ரெண்டு பேருது கெட்டுப்போகும். அத்தன பேருதுமா ஒரே நாள்ல கெட்டுப்போகும்?" என்று என்னைப் போட்டு அரித்தாய். தண்ணீரை மாற்றினாய், கேஸ் சிலிண்டரை மாற்றினாய், எண்ணெய்ப் புட்டியைக் கொட்டினாய். ஒருநாள் மத்தியானம் இன்குபேட்டரைத் திறந்து தலையை உள்ளே விட்டவள், வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு அடித்தட்டில் ஈரத்துக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து என் மூக்கருகில் நீட்டினாய். மாற்றிய தண்ணீரிலும் சாம்பிராணி வாசம். அதற்குக் கீழே பெயிண்ட் வாசமும் லேசாக. கருவுக்கு மேலே நாம் ஊற்றுகிற எண்ணெய் காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும் என்று இருவருக்கும் பாடத்தில் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாய். அன்றுதான் உன் கால் ஆடாமல் இருந்ததைப் பார்த்தேன்.

வாசம் வருவதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவளும் நீதான். நாம் படித்த காலேஜில் வெள்ளைச் சுண்டெலி வளர்த்தார்கள். அங்கே போய்க் கெஞ்சி எலியின் கருக்களை எடுத்து, பாதியை அங்கிருந்த இன்குபேட்டரிலேயே வைத்துவிட்டு, மீதியைத் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு வந்தோம். உன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான் வந்த கோலத்தைப் பார்த்து, சிக்னலில் நின்ற போலீஸ்காரர், "காப்பிங்களா?" என்று கேட்டார். நீ திரும்பிப் பார்த்து, "இல்லீங்க, எலிக்குஞ்சு" என்றாய். காலேஜில் வைத்தது வளர்ந்து பந்து மாதிரி ஊதி வந்தது. நம் பெட்டியில் வைத்தது, சாந்தாமணியுடையதைப் போலவே, பாதியில் நின்று கறுத்தது.

"என்ற கையாலதான் புள்ள," என்றாய். "அவ நல்லாப் பாத்துக்கச் சொன்னா. நான் பொகையப் போட்டுக் கொன்னுபோட்டேன்." நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். எதுவும் உன் காதில் ஏறவில்லை.

டாக்டரிடம் சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைக் கழுவி, வெகுநாள் வெறுமனே ஓடவிட்டு, மறுபடி எலிக்கரு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நோயாளி என்று உடனே ஒப்புக்கொண்டார். பெண்களிடம் சொல்ல மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "வெளிய தெரிஞ்சா இந்தப் படிய எவனும் மிதிக்க மாட்டான் அம்மணி. அடுத்து வாரவங்களுக்கு நல்லாச் செஞ்சு குடுப்போம். போனது போச்சு" என்றார். மற்றவர்களுக்கு வேண்டுமானால் போனது போச்சு. சாந்தாமணிக்குத் தை மாதம் வந்துகொண்டிருந்தது.

நீ பொள்ளாச்சி பஸ் ஏறுவது என்று முடிவு செய்துவிட்டாய். வேலை போய்விடும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சரி, இவளைத் தனியாக விட்டால் வேண்டாததையெல்லாம் உளறிவைப்பாள் என்று நானும் கூட வந்தேன். கடைசியில் உளறாததுதான் பிரச்சினையாகிவிட்டது.

அந்த வீட்டுக் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். புருஷன் மோட்டாருக்கு ஏதோ வயர் பிரித்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூண் ஓரம் நின்றாள். நீ மோரைத் தொடவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாய்: பூஜை போட்டது, கதவு திறந்தது, புகை உள்ளே போனது, எலி வைத்துப் பார்த்தது, எல்லாம். "செத்தது உங்க மருமக ஒடம்பால இல்லீங்க. எங்க பொட்டிக்குள்ள நான் போட்ட பொகையாலதானுங்க."

மாமியார் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தார். "சாமி கும்புட்டதால புள்ள செத்துப்போச்சுன்னு சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"சாமி இல்லீங்க, பொக."

"சாம்பிராணிப் பொகையில செத்த கரு, ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா? அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்திருக்கறீங்க. நல்லது. மோரைக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

அப்போதுதான் அந்த மனுஷன் தலை நிமிர்ந்தார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "ஏனுங்க, அப்ப இவளுக்கு ஒண்ணும் இல்லீங்களா? முட்டை நல்லாத்தான் இருக்குதுங்களா? மறுக்கா செஞ்சா புள்ள நிக்குங்களா?"

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். சாந்தாமணி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆமாங்க, நல்லா இருக்குதுங்க, மறுக்கா வந்தா நிச்சயமா நிக்குமுங்க. அவ்வளவுதான் வேண்டியது. நீ வாயைத் திறக்கத் தாமதித்த அந்த நேரத்தில் நானே சொல்லிவிடலாம் என்று எழுந்தும்விட்டேன்.

"தெரியாதுங்க" என்றாய். "நல்லா இருக்குதான்னும் தெரியாது, கெட்டுப்போச்சான்னும் தெரியாது. நாங்க பாக்கறதுக்குள்ள கெடுத்துப்போட்டமுங்க. அவங்க முட்டைக்கு வீரியம் இல்லைன்னு சொன்னதும் தெரிஞ்சு சொன்னதில்லீங்க. புள்ள நிக்குமா நிக்காதான்னு என்னால சொல்ல முடியாதுங்க."

மாமியார் சிரித்தேவிட்டார். புருஷன் வயரைக் கீழே போட்டுவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார். சாந்தாமணி மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் நான் உன்னை விட்ட பாடில்லை. "ஒரு பொய் புள்ள. ஒரே ஒரு பொய் சொன்னா ஒருத்தி குடித்தனம் நின்னிருக்கும். உன்ற சுத்தத்தை வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கறதா?" பஸ் கிணத்துக்கடவைத் தாண்டிற்று. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி டாக்டர் ஒண்ணு சொன்னாரு. நானும் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி இன்னொண்ணு சொன்னா, அவ எதைப் புடிச்சுக்கிட்டு நிப்பா?" எனக்குக் கோபம்தான் அதிகமாயிற்று. இப்படி அழகாகப் பேசி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

டாக்டருக்கு விஷயம் தெரிந்தும் உன்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அவரையும் சொல்ல வேண்டும். லேப் கதவில் பூ, சென்ட், புகை கூடாது என்று போர்டு மாட்டினார். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்குபேட்டரின் உபரித் தட்டு ஒன்றைக் கீழே வராண்டாவுக்குக் கொண்டுபோய், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெட்டியின் பெயரால் அங்கேயே கற்பூரம் காட்டினோம். அந்த வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் இன்றும் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் காரணம் தெரியாமலே தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறார்கள்.

சாந்தாமணி திரும்ப வரவில்லை. நாம் இருவரும் சேர்ந்து எத்தனையோ வருஷம் வேலை பார்த்தோம், எவ்வளவோ பிள்ளைகள் அந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக்குப் போயின. நமக்குள் சண்டை என்று வந்தால் அது அந்தக் களத்தில்தான் போய் நிற்கும். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் கூப்பிட்டால் வரமாட்டாய். பொள்ளாச்சியில் உறவில் ஒரு விசேஷம் என்றாலும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாய். பயந்தாய் என்று எனக்குத் தெரியும். அவளைத் தீர்த்துவிட்டிருந்தால் அது உன் வாய் செய்தது என்று உனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வேறு அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். சொல்லிக்காட்டியதற்கு வருத்தமில்லை, நான் அப்படித்தான் நினைத்தேன்.

கணபதி வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்த அன்று, பேப்பரில் படம் பார்த்துவிட்டு வந்தேன் என்று நரைத்த தலையோடு ஒரு பெண் மாலையுடன் வந்தாள். உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "என்னையத் தெரியுதுங்களா? பொள்ளாச்சிங்க. சாந்தாமணி." வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். அதே மனுஷன்.

அவளைப் பட்டறைப் பக்கம் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தேன். அவளே சொன்னாள். "அன்னைக்கு நீங்க போனதும் இவரு கெணத்து மேட்டுல போயி உக்காந்துக்கிட்டாருங்க. பொழுது சாய வந்து அத்தைகிட்டச் சொன்னாருங்க. 'இத்தன வருசமா எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க. ஜோசியர் சொன்னாரு, டாக்டர் சொன்னாரு, நீயும் சொன்னே. ஒருத்தரு பஸ்ஸேறி வந்து, தப்பு தன்னுதுன்னும் சொல்லி, மத்தது தெரியாதுன்னும் சொல்லீட்டுப் போறாங்க. அதுல அவங்களுக்கு என்ன லாபம்? யாருக்கும் தெரியாத காரியத்துக்கு இவளத் தீத்துவுட என்னால முடியாது'ன்னுட்டாருங்க. உப்புச் சக்கரை நின்னு போச்சு."

நான் மெதுவாகக் கேட்டேன், "நல்லா இருக்குது, நிச்சயமா நிக்கும்னு அவ சொல்லியிருந்தா?"

சாந்தாமணி யோசிக்கவே இல்லை. "பொம்பளைக்குப் பொம்பளை பரிஞ்சுக்கிட்டுப் பேசறாங்கன்னு எந்திரிச்சுப் போயிருப்பாருங்க. அத்தை சொன்ன மாதிரியே ஆயிருக்கும்." பிள்ளைகள் என்று கேட்டேன். இல்லீங்க என்றாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருந்ததாம். பிறகு வயசும் ஆகிவிட்டதாம். மாமியார் கடைசி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அவள் போட்டால்தான் சோறு தின்பாராம். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்ததாகவும், ஆஸ்பத்திரி வாசல் வரை ஒருமுறை வந்ததாகவும் சொன்னாள். ஏன் உள்ளே வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எதற்கு.

நீ அவ்வளவு வருஷம் உன்னைத் தின்றுகொண்டிருந்தாயே, அத்தனையும் வீண். நான் தோற்றுவிட்டேன் என்று உன் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள ஆசையாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். பூவுக்குள் முகம் பாதிதான் தெரிந்தது, சுற்றிலும் ஆட்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நான் இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறேன். இப்போது நோயாளிகளோடு பேசுகிற பொறுப்பும் எனக்கு. எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, எனக்கு நிக்குங்களா?" என்று கேட்கும்போது, அன்று களத்தில் எழுந்து நின்று நான் சொல்லப் போன அந்தப் பொய்தான் இன்றைக்கும் முதலில் நாக்குக்கு வருகிறது. அதை விழுங்கிவிட்டு, தெரியாதுங்க என்கிறேன். சிலர் அழுகிறார்கள். சிலர் எழுந்து, தெரியும் என்று சொல்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு என் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. போனவளை வீட்டில் என்ன செய்தார்களோ என்று நினைத்துக்கொண்டு, எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் புள்ள.